இடது இடுப்பைக் கவனி

சேலம், அஸ்தம்பட்டி
ஏப்ரல் கடைசி ஞாயிறு

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய வீடியோவை ஒரு முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். முதலில் மொபைலில் பார்த்தேன், அப்புறம் மகன் டிவியில் போட்டுக் கொடுத்தான், நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வயசாகிவிட்டது, தோளில் பலம் குறைந்துவிட்டது, அதனால்தான் கோல்ஃபில் டிரைவர் (தூரமாக அடிக்கிற நீள மட்டை) எடுத்தால் பந்து முன்பு போன தூரம் போவதில்லை, போகிற பந்தும் வலது பக்கம் வளைந்து மரங்களுக்குள் விழுகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. உன் தோள் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு இடது இடுப்பில். அது எங்கே ஆரம்பித்தது என்றும் எனக்கு ஒரு யூகம் இருக்கிறது, கொஞ்சம் பொறு, சொல்கிறேன்.

போன வாரம் ஏற்காட்டில் மச்சான் தோட்டத்தில் நான்கு நாள் இருந்தேன். முதல் மழை பெய்து ஒன்பதாவது நாள், காப்பிச் செடி முழுக்கப் பூ. கிளையே தெரியாத அளவுக்கு வெள்ளை, காலையில் கதவைத் திறந்தால் மல்லிகைக் கடைக்குள் நுழைந்த மாதிரி வாசம். இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் பழுப்பேறி உதிர்ந்துவிடும். நீ இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா சௌக்கியம். மச்சான் களத்து மேட்டுக்குப் பக்கத்தில் நான் பந்து அடித்துப் பழக ஒரு வலை கட்டிக் கொடுத்திருக்கிறார், இங்கே மொட்டை மாடியில் இருப்பதைவிடப் பெரிது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்குத் திரும்பியதும் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். ஒரு மண்டி வாசலில் தர்பூசணி லாரி நின்றது. மேலே ஒருவர், கீழே ஒருவர், கடைக்குள் ஒருவர், பழம் கைக்குக் கை பறக்கிறது. கீழே நின்றவருக்கு நம் வயது இருக்கும், ஒல்லியான உடம்பு. பழம் ஒவ்வொன்றும் ஐந்தாறு கிலோவாவது இருக்கும். அவர் அதை வாங்கும்போது வலது தொடை மேல் லேசாக உட்கார்ந்த மாதிரி இறங்குகிறார், உடம்பு லாரிப் பக்கம் திரும்பியிருக்கிறது. பழம் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே இடது பாதம் தரையை மிதித்துவிடுகிறது. இடுப்பு கடையைப் பார்த்துத் திரும்புகிறது, அதன் பின்னால் நெஞ்சு, கை கடைசியில்தான் வருகிறது. பழம் கையை விட்டுப் போகும்போது வலது குதிகால் தூக்கியிருக்கிறது, வேட்டி முடிச்சு கடைக்குள் நிற்கிறவரைப் பார்க்கிறது. தலை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு பழம்கூடத் தவறவில்லை. அவரை மாற்ற ஒரு பையன் வந்தான், நல்ல கட்டுமஸ்தான கை. அவன் கையால் தள்ளினான். பத்துப் பழத்துக்குள் மூச்சு வாங்கியது, ஒன்று கடைக்காரர் முகத்துக்குப் போனது, இன்னொன்று முழங்காலுக்குப் போனது.

நான் இருபது நிமிஷம் அங்கேயே நின்றுவிட்டேன். நீயும் நானும் இத்தனை வருஷம் அந்தப் பையன் மாதிரிதான் பந்தை அடித்திருக்கிறோம் மாப்ளே. தூரம் வேறு, நேர் வேறு என்று நாம் பிரித்துப் பேசுவோம், தூரம் வேண்டுமென்றால் ஓங்கி அடி, நேராகப் போக வேண்டுமென்றால் மெதுவாக அடி என்போம். இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. கிளப், அதாவது மட்டை, மேலிருந்து பந்துக்கு வர ஏறக்குறைய கால் செகண்ட். பந்தும் கிளப்பும் ஒட்டியிருப்பது ஒரு செகண்டில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இந்த நேரத்துக்குள் மணிக்கட்டால் எதையும் சரிசெய்ய முடியாது. உடம்பு ஒழுங்காகத் திரும்பினால் கிளப் தானாக அந்த வழியில் வரும், திரும்பாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் கை ஒவ்வொரு கணக்குப் போடும், அதில் ஐந்தில் ஒன்று சரியாக விழும்.

உன் வீடியோவில் நடப்பது இதுதான். கிளப்பைப் பின்னால் தூக்குகிற பேக்ஸ்விங் அழகாகப் போகிறது, தோள் நன்றாகத் திரும்புகிறது. கீழே இறங்க ஆரம்பித்ததும் இடுப்பு கொஞ்சம் திரும்பி அப்படியே நின்றுவிடுகிறது. கைக்கு வழியில்லை, வலது தோள் முன்னால் பாய்கிறது, கிளப் வெளியிலிருந்து உள்பக்கமாகப் பந்தைக் குறுக்கே வெட்டுகிறது, பந்தில் படுகிற கிளப் முகமும் அந்த வழிக்கு வலது பக்கம் திறந்தே இருக்கிறது. பந்து வலது பக்கம் வளைந்து ஸ்லைஸ் ஆகாமல் என்ன செய்யும்? நல்ல ஆட்டக்காரர்களை அடிபடும் கணத்தில் நிறுத்திப் பார், பெல்ட் பக்கிள் சுமார் 40 டிகிரி இலக்குப் பக்கம் திரும்பியிருக்கும். உன்னுடையது இன்னும் பந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு "இன்னும் நன்றாகத் திரும்பு" என்று யாராவது சொன்னால் கேட்காதே. நான் கேட்டு அனுபவித்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பயிற்சியாளர், வலது முழங்காலை இறுக்கிப் பிடி, இடுப்பை அசைக்காதே, தோளை மட்டும் முழுசாகத் திருப்பு, அந்த முறுக்கில்தான் பலம் என்றார். சும்மா சொல்லவில்லை, தோளுக்கும் இடுப்புக்கும் உள்ள அந்த வித்தியாசத்தை 1992இல் ஜிம் மெக்லீன் என்கிற கோல்ஃப் பயிற்சியாளர் எக்ஸ் ஃபாக்டர் என்று பெயர் வைத்துப் பிரபலமாக்கினார், தோள் 90 டிகிரி, இடுப்பு 45 டிகிரி என்று நாமும் படித்திருக்கிறோம். இருபத்தைந்து வயசில் தினமும் உடம்பை வளைக்கிறவனுக்கு அது சரி. முப்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த உடம்புக்கு அது ஆகாது. மூன்று வாரம் செருப்பு மாட்டக் குனிய முடியாமல் இருந்தேன்.

அப்போது பார்த்த பிசியோ ஒன்று சொன்னார், அதுதான் என் கண்ணைத் திறந்தது. நாம் இடுப்பைத் திருப்பு என்று சொல்லிக்கொண்டு கீழ்முதுகைத் திருப்புகிறோம். அங்கே உள்ள 5 முள்ளெலும்புகளும் குனிய நிமிரச் செய்யப்பட்டவை, எல்லாம் சேர்ந்தே பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து டிகிரிதான் திரும்பும். மீதியெல்லாம் மேலே நெஞ்சுக்கூட்டை ஒட்டிய 12 முள்ளெலும்பிலிருந்தும், கீழே தொடை எலும்பு சேரும் மூட்டிலிருந்தும் வரவேண்டும். இந்த இரண்டு இடமும் இறுகிவிட்டால் நடுவில் இருக்கிற கீழ்முதுகு கடன் வாங்கிக் கட்டுகிறது.

அதனால் முதலில் உன்னைச் சோதித்துப் பார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார், முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, தோள்மேல் குறுக்கே ஒரு கிளப், இரண்டு பக்கமும் திரும்பு. 45 டிகிரி வந்தால் மேல் முதுகு பரவாயில்லை. அப்புறம் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாதத்தையும் வெளிப்பக்கம் நகர்த்திப் பார். இடதும் வலதும் ஒரே அளவு போகிறதா? உனக்குப் போகாது என்றுதான் நினைக்கிறேன்.

ஏனென்றால், மாப்ளே, காலேஜ் இரண்டாம் வருஷம் உன் அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு ஏற்காடு போய் இறங்கும்போது ஒன்பதாவது கொண்டை ஊசியில் சரிந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. உனக்கு இடது கணுக்காலில் மாவுக்கட்டு, ஆறு வாரம். கட்டுப் பிரித்த பிறகும் நீ அந்தக் காலை நேராக, கொஞ்சம் உள்பக்கமாக வைத்துத்தான் படி இறங்குவாய், இன்றைக்கும் அப்படித்தான் இறங்குகிறாய். வீடியோவிலும் இடது பாதம் பந்தைப் பார்த்து ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. கிளப் கீழே இறங்குகிற டவுன்ஸ்விங்கில் இடுப்பு முழுக்க அந்தத் தொடை மேல்தான் சுழல வேண்டும். கதவுக்குக் கீல் அதுதான். அது திரும்ப இடம் கொடுக்காவிட்டால் நீ எவ்வளவு முயன்றாலும் நின்றுதான் போகும். சென்ற வாரம் தோட்டத்திலிருந்து இறங்கும்போது அந்த வளைவில் வண்டி திரும்பிய நிமிஷம் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது, சந்தோஷத்தில் மச்சானிடம் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன், அவர் பாவம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே நாளைக்கே இடது பாதத்தின் விரல்களை இலக்குப் பக்கம் 20, 25 டிகிரி திருப்பி வைத்து நின்று பார். இது நொண்டிச் சமாதானம் இல்லை, அந்தக் கால அமெரிக்க சாம்பியன் பென் ஹோகனே இடது பாதத்தைக் கால்வாசி வெளியே திருப்பித்தான் நிற்கச் சொன்னார். பேக்ஸ்விங்கில் இடது குதிகால் தூக்கினால் தூக்கட்டும், இடுப்புக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும். ஜாக் நிக்லாஸ் 18 மேஜர், அதாவது கோல்ஃபின் பெரிய பட்டங்கள், ஜெயித்ததும் குதிகாலைத் தூக்கித்தான். ஆனால் வலது பக்கம் வழுக்கிப் போகாதே, திரும்புவது வேறு, நகர்வது வேறு. வலது இடுப்பை ஒட்டி ஒரு நாற்காலி போட்டுக்கொள், நாற்காலி தள்ளப்பட்டால் நகர்கிறாய் என்று அர்த்தம், பின்பக்கம் அதை உரசிக்கொண்டே பின்னால் போனால் திரும்புகிறாய்.

எனக்கு அதிகம் உதவியது தர்பூசணிக்காரரின் கால்தான். பாதங்களைச் சேர்த்து வைத்து ஏழாம் நம்பர் அயர்னை (நடுத்தரத் தூரத்துக்கான மட்டை) மெதுவாகப் பின்னால் கொண்டுபோ, அது மேலே போய் முடிவதற்குள் இடது காலை இலக்குப் பக்கம் ஒரு அடி எடுத்து வை, மிதி, திரும்பு. பந்து வேண்டாம். கை எதுவும் செய்ய வேண்டாம், அது வரும். இருபது தடவைக்கு அப்புறம் இடுப்பு முன்னால் போவதும் கை பின்னால் தங்குவதும் உனக்கே உணர்வாகத் தெரியும், அந்த இழுப்புதான் நாம் தோளில் தேடிக்கொண்டிருந்த பலம். அதன் பிறகு ஒரு துண்டை நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு அரை ஸ்விங் அடி, துண்டு விழாமல். கை உடம்பை விட்டுத் தனியாக ஓடினால் துண்டு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். முடிக்கும்போது பக்கிள் இலக்கைப் பார்க்க, வலது கால் நுனிவிரலில், மூன்று எண்ணும்வரை நில். நிற்க முடியாவிட்டால் வேகத்தைக் குறை. கணுக்காலில் வலி வந்தால் உடனே நிறுத்து, பிடிவாதம் பிடிக்காதே.

முன்னேற்றத்தைக் கோவை செட்டிபாளையம் மைதானத்தில் மட்டும் அள, ஊட்டி மைதானத்தில் அளக்காதே. அங்கே 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு, பந்து சும்மாவே கூடுதலாகப் போகும். தூரத்தையே நினைத்துக் கவலைப்படவும் வேண்டாம். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் அதிதி அசோக் ஆடியதை இரண்டு பேரும் விடிகாலையில் எழுந்து போனில் பேசிக்கொண்டே பார்த்தோமே, தூரமாக அடிக்கிறவர் இல்லை அந்தப் பெண், ஆனாலும் நான்காவது இடம், ஒரே ஒரு அடியில் பதக்கம் போயிற்று. நான்கு நாளும் அவருடைய ஸ்விங் ஒரே மாதிரி இருந்ததைத்தான் நீ அன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாய்.

ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம் ஓய்ந்ததும் வா. மச்சான் வலை காத்திருக்கிறது, மல்கோவாவும் அதற்குள் வந்துவிடும். அதுவரை இந்த இரண்டு வாரம் செய்துவிட்டு இன்னொரு வீடியோ அனுப்பு, நேர் முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. அரை டிரவுசர் போட்டுக்கொண்டு எடு, இடது முழங்கால் எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக் கூட்டாளி