குப்பியில் சேரச் சொல்

கொழும்பு

அன்புள்ள ராஜன்,

உன் மாணவிக்கு மருத்துவ பீடம் கிடைத்த செய்தியால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தோட்டத்து லயத்திலிருந்து கின்ஸி வீதி மருத்துவ பீடத்துக்கு வருவதென்றால் லேசான காரியமா! ஆனால், "இனிக் கவலையில்லை" என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பல்கலைக்கழக அனுமதியில் திறமைக்கு 40 சதவீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 என்ற கணக்கெல்லாம் வாசல் வரைக்கும்தான். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை, உள்ளே வந்ததும் உடற்கூற்றியலை ஆங்கிலத்தில் படித்து, வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையிலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்ல வேண்டும். பிறகு வார்டுக்குப் போனால் பாதி நோயாளிகளிடம் சிங்களத்தில் விசாரிக்க வேண்டும். விடை தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! படிக்காமல் வந்து நிற்கிறார்கள் என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு.

'பின்தங்கியவர்களுக்கு விசேட வகுப்பு' என்று அறிவித்துப் பார், ஒருவரும் வரமாட்டார்கள். வெட்கம்தான், வேறென்ன? அதே பிள்ளைகள் சீனியர்கள் இரவில் நடத்தும் குப்பிக்கு, அதாவது மாணவர்களே கூடிப் படிக்கும் வகுப்புக்கு, முதல் ஆளாக வந்து உட்காருவார்கள். 1970களில் அமெரிக்காவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில், யூரி ட்ரைஸ்மன் என்பவர் இதைக் கணித வகுப்பில் கவனித்திருக்கிறார். நுண்கணிதத்தில் சறுக்கிய கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகள் அல்ல; பெரும்பாலும் தனித்தனியாக இருந்து படித்தவர்கள். சீன வம்சாவளி மாணவர்களோ கூடியிருந்து படித்து, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினார்கள். அவர் பிறகு அமைத்த குழுக்களில் 'மெல்லக் கற்போர்' என்ற வாடையே இல்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, கூடிப் போட வைத்தார். பெறுபேறும் உயர்ந்தது. எனக்குத் தெரிந்தவரை மருத்துவத்துக்கும் இதுதான் வழி.

அதனால் உன் மாணவியிடம் சொல்: முதல் வாரத்திலேயே ஒரு குப்பியில் சேரட்டும். நம் பிள்ளைகள் மட்டும் இருக்கும் குப்பியாகப் பார்க்க வேண்டாம். சிங்களப் பிள்ளைகளோடு இருந்தால் வார்டுக்குத் தேவையான பேச்சு தானாக வந்துவிடும். மகாபொல உதவித்தொகைப் படிவத்தையும் நேரத்துக்கு நிரப்பச் சொல். கிடைக்கும் காசை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு நேரச் சாப்பாட்டோடு இருக்கிற பிள்ளைகளும் உண்டு, ஆகவே அவள் அப்பாவிடமும் நீயே ஒரு வார்த்தை பேசிவிடு.

என் முழங்கால் பழையபடிதான். ஹட்டன் குளிருக்கு இனி வரமாட்டேன், நீதான் இறங்கி வர வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு எப்போது வருகிறாய்? என்னிடம் உடற்கூற்றியல் படிக்கிற ஒரு எலும்பு செட் சும்மா கிடக்கிறது, அதற்கு அவள் காசு செலவழிக்க வேண்டாம்.

அன்புடன்,
குமரன்