கடைமடை வரை போகட்டும், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் உங்கள் வலைப்பூவைப் பற்றி நீங்கள் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. "நாற்பத்திரண்டு எழுதிட்டேன்மா. படிக்கிறது நாலு பேரு, அதுல நீ ஒருத்தி. போதும், நிறுத்திக்கிறேன்" என்றீர்கள். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு வலைப்பூ தொடங்கிய இன்னும் சிலரும் இதேபோல் 'நிறுத்திவிடலாமா' என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் உங்கள் சம்மதம் வாங்கிப் பொதுவில் வைக்கிறேன்.

நிறுத்தாதீர்கள். வெண்ணாற்றுப் பக்கம் முப்பத்தொரு வருடம் லஸ்கராக, அதாவது ஆற்று மதகைப் பார்த்துக்கொள்ளும் பணியாளராக இருந்து ஷட்டர் தூக்கி இறக்கியவர் எழுதுகிற எழுத்து வேறு எங்கே கிடைக்கும்? எவ்வளவு கன அடி போனது என்பது அலுவலகப் பதிவேட்டில் இருக்கும். கரை உடையப்போகிற ராத்திரியில் தண்ணீரின் சத்தம் எப்படி மாறும் என்பது உங்கள் ஒன்பதாவது பதிவில்தான் இருக்கிறது. நீங்கள் எழுதுவதில் குறை இல்லை. அதை அனுப்புகிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு காலத்தில் எழுதினால் போதும், ஆள் தானாக வந்தது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் இருந்தன. புதுப் பதிவு போட்டவுடன் தலைப்பு அங்கே மேலே வந்து நிற்கும். தமிழில் படிக்க விரும்புகிறவர்கள் காலையில் அங்கே ஒரு நடை போய் வருவார்கள். கூகுள் ரீடரில் பத்து வலைப்பூவைச் சேர்த்துவைத்துப் படித்தவர்களும் உண்டு. அதை 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். அதற்குள் கூட்டம் பேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் போய்விட்டது. நீங்கள் எழுத வந்தபோது திரட்டிகளின் காலம் முடிந்திருந்தது. நாலு பேர்தான் வந்தார்கள் என்றால் அதில் உங்கள் எழுத்தின் குற்றம் எதுவும் இல்லை.

சரி, இப்போது நீங்கள் செய்வதைப் பார்ப்போம். பதிவு போட்டதும் லிங்கை எடுத்துப் பதினொரு வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறீர்கள். கூடவே "படித்துவிட்டுக் கருத்து சொல்லவும்" என்று ஒரு வரி. நம் குடும்பக் குழுவில் அது காலை வணக்கப் படங்களுக்கும் காதுகுத்துப் பத்திரிகைக்கும் நடுவில் வந்து விழுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இது போதாதென்று அந்த லிங்க், பார்த்தாலே பயப்படும்படி நாலு வரிக்கு நீண்டு கிடக்கிறது.

லிங்க் நீண்டு போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் தமிழில் தலைப்பு வைக்கிறீர்கள், உங்கள் வலைப்பூ இருக்கிற வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக எடுத்துக்கொள்கிறது. அந்த முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ் எழுத்தும் பெரும்பாலும் சதவீதக் குறி, எண், ஆங்கில எழுத்து என்று ஒன்பது குறிகளாக விரிந்துவிடும். கொம்புக்கும் புள்ளிக்கும்கூடத் தனித்தனிக் கணக்கு. 'கடைமடை' என்ற ஒரே சொல்லுக்கு 54 குறிகள். உங்கள் தலைப்புகளோ ஆறேழு சொல் வரும். பார்ப்பவர் இதை ஏதோ மோசடி லிங்க் என்று நினைத்துத் தொடாமல் விடுவார். என் தோழி ஒருத்தி அப்படித்தான் விட்டாள். பதிவை வெளியிடும் முன் முகவரிப் பெட்டியில் இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களைத் தட்டிவிடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும், அதற்கு ஒன்றும் ஆகாது. அப்புறம், பதிவில் ஒரு படமாவது இருக்க வேண்டும். லிங்கை அனுப்பினால் அந்தப் படமும் தலைப்பும் சேர்ந்து வரும். துருப்பிடித்த பழைய ஷட்டர் சக்கரத்தின் படம் உங்கள் போனில் இருக்கிறதே, அதற்கு இணையாக இணையத்தில் தேடி எடுக்கிற எந்தப் படமும் வராது.

பேஸ்புக்கில் வெறும் லிங்க் போடாதீர்கள். அவர்களுக்கு ஆள் அங்கேயே இருக்க வேண்டும், வெளியே அனுப்புகிற பதிவை அவர்கள் முன்னே கொண்டுவர மாட்டார்கள். 2018 ஜனவரியில் பேஸ்புக்கே அறிவித்தது, நண்பர்களும் குடும்பத்தாரும் போடுவதற்குத்தான் முன்னுரிமை, பக்கங்கள் போடுவது குறைவாகத் தெரியும் என்று. எக்ஸ் தளத்தின் முதலாளி எலான் மஸ்க்கும் 2024 நவம்பரில், விவரத்தை மேலே எழுதிவிட்டு லிங்கைப் பதிலில் போடுங்கள் என்று சொன்னார். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே லிங்க் போட்டால் அதை அழுத்தவே முடியாது. ஸ்டோரியில் ஒட்டுகிற லிங்கும் உங்கள் அறிமுகப் பகுதியில் வைக்கிற லிங்கும்தான் வேலை செய்யும்.

ஆகவே பதிவிலிருந்து முழுசாக ஒரு விஷயத்தை எடுத்து அங்கேயே கொடுத்துவிடுங்கள். 'மிச்சத்தை வலைப்பூவில் காண்க' என்று பாதியில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது, படிப்பவரை வாசலில் நிற்க வைத்துப் பேசுவது மாதிரி. முக்கொம்பு பற்றி நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, 2018 ஆகஸ்ட் 22 அன்று கொள்ளிடம் மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போன சமயத்தைப் பற்றி? அன்று செய்தி கேட்டதும் நீங்கள் சாப்பிடாமல் எழுந்து போனதைச் சொல்லும் பத்தி ஒன்று உண்டு. எட்டே வரி. அதை அப்படியே பேஸ்புக்கில் போடலாம். அதைப் படித்து மனம் அசைந்தவர் மீதியைத் தேடி வருவார். வராவிட்டாலும் அந்த எட்டு வரி அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். அதுவும் படித்த கணக்குதான் சித்தப்பா.

எப்போது போடுவது என்பதும் முக்கியம். மேட்டூரில் தண்ணீர் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. திறந்தால் மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அந்த ஒரு வாரம் டெல்டாவில் எல்லோருக்கும் அதே பேச்சுதான். நீங்களோ முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பற்றிய முறைப்பாசனக் கட்டுரையைப் பொங்கலுக்கு மறுநாள் போட்டீர்கள். பழைய பதிவை மறுபடி பகிர்வதில் ஒரு கூச்சமும் வேண்டாம். ஒவ்வொரு ஜூனிலும் அது புதுசுதான்.

வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு பண்ணிப் பரவும் என்று நம்பாதீர்கள். ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் ஃபார்வர்டு பண்ண முடியாது என்று 2018இலேயே இங்கே வரம்பு வைத்துவிட்டார்கள். பல கை மாறி வந்த செய்தியென்றால் ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். கேட்காதவர்களுக்கு அனுப்புவதை விட்டுவிடுங்கள். பதினொரு குழு வேண்டாம், இரண்டு போதும். விவசாயக் குழு என்றால் அதன் அட்மினிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போடுங்கள்.

இதைச் சும்மா சொல்லவில்லை. போன மாதம் உங்கள் ஒன்பதாவது பதிவை ஒரு விவசாயக் குழுவில் நான் போட்டேன். லிங்குக்கு மேலே, "உடைப்பு வரும் இடத்தில் முதலில் மூட்டையைப் போடாதே, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்" என்ற உங்கள் வரியை மட்டும் எழுதியிருந்தேன். முப்பது பேர்கூடத் திறந்து பார்க்கவில்லை. ஆனால் தலைஞாயிறு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் ஐந்து நிமிடத்துக்குக் குரல் செய்தி அனுப்பினார். நீங்கள் மேலே ஷட்டர் தூக்கிய அதே வருடங்களில் அவர் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் அதற்காகக் காத்திருந்தவர். உங்கள் கணக்கில் ஓரிடம் தப்பு என்கிறார். எங்கே தப்பு என்று தன் வயலை வைத்தே சொல்கிறார். கடைசியில், "இவர் உயிரோட இருக்காரா, பேச முடியுமா?" என்று கேட்கிறார்.

இப்படி ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் சமூக ஊடகம் நமக்கு வேண்டும். எண்ணிக்கைக்காக வேண்டாம். 'நான் உன் பதிவுக்கு வருகிறேன், நீ என் பதிவுக்கு வா' என்று மொய் வைக்கிற பழக்கம் ஒன்று உண்டு. அதில் இறங்காதீர்கள். வருகிறவர் மொய் எழுதிவிட்டுப் போய்விடுவார், படிக்க மாட்டார்.

இன்னொன்று. வலைப்பூவை மூடிவிட்டுப் பேஸ்புக்கிலேயே எழுதலாம் என்று தங்கை சொல்கிறாளாம். அது வேண்டாம். நான் ஒரு தளத்தில் நாலு வருடம் நேரடியாக எழுதினேன், நகல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் கணக்கு பூட்டியிருந்தது. முறையிட்டேன், திறக்கவே இல்லை. அப்பா இறந்த வாரத்தில் எழுதியதும் அதோடு போய்விட்டது. அதை மறுபடி எழுத எனக்கு வரவில்லை. பெரிய தளம் என்பதால் நிலைக்கும் என்றும் இல்லை. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கை அரசு தடை செய்தது. உங்கள் எழுத்து உங்கள் வலைப்பூவில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை நகல் எடுத்துப் பென்டிரைவில் போட்டு வையுங்கள், எப்படி என்று வந்து காட்டுகிறேன்.

ஜூன் 12க்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. முறைப்பாசனக் கட்டுரையை எடுத்து வையுங்கள், அந்தச் சக்கரப் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். தலைஞாயிற்றுப் பெரியவரின் குரல் செய்தியை நேற்று ராத்திரி மறுபடி உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். போன மாதம் அனுப்பியதை நீங்கள் கேட்கவே இல்லை போலிருக்கிறது. அவர் இன்னும் காத்திருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்