சுண்ணாம்புக் காரையில் மீண்டெழுந்த எங்கள் ஊர்ச் சத்திரம்: கைகொடுத்த அனைவருக்கும் நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

இராமேசுவரத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்கள் தங்கி இளைப்பாறுவதற்காகத் திருமயம் வட்டாரத்தில் முன்னோர் கட்டி வைத்த எங்கள் ஊர்ச் சத்திரத்தின் சீரமைப்புப் பணி, வடபுறத்துச் சுற்றுச்சுவர் நீங்கலாக, இந்தத் தை மாதத்தோடு நிறைவடைந்தது. ஒழுகாத கூரையின் கீழ் பிள்ளைகள் மறுபடியும் மாலை வகுப்புக்கு வந்து உட்காருகிறார்கள். இதற்குப் பணமாகவும் பொருளாகவும் உடலுழைப்பாகவும் உதவிய அனைவருக்கும் ஊரின் சார்பில் நன்றி தெரிவிக்கவே இம்மடலை எழுதுகிறோம். கட்டடம் எழுந்து நின்ற பிறகு, யார் என்ன செய்தார்கள் என்பது பூச்சுக்குள் மறைந்துவிடும். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் விருப்பப்படியே பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். ஆனால் அவர்கள் செய்த வேலையையாவது விளங்கச் சொல்லாமல் இருக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

முதல் நன்றி, கட்டடப் பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்ற எங்கள் ஊர் மருமகனுக்கு. சத்திரத்தை இடித்துவிட்டுக் கான்கிரீட் கட்டடம் எழுப்பலாமா என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு நடந்தபோது, சுவர்களின் நிலைமை உண்மையிலேயே அச்சமூட்டுவதாகத்தான் இருந்தது. இடுப்பளவுக்கு மேல் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று, உள்ளிருந்த செங்கல் கையால் தேய்த்தாலே பொடியாக உதிர்ந்தது. அவர் யாரோடும் வாதம் செய்யாமல், மேற்குச் சுவரில் ஒரு பகுதியில் மட்டும் பூச்சைக் கொத்தி எடுக்கச் சொன்னார். ஒரு தலைமுறைக்கு முன் நடந்த பழுதுபார்ப்பில், சுண்ணாம்புச் சுவரின் மேல் கனமாகச் சிமென்ட் பூசியிருந்தார்கள். நிலத்தடி ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலேறுவது இயல்பு. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் சுவரின் முகப்பு வழியாகவே ஆவியாகிப் போய்விடும். சிமென்ட் அதற்கு வழிவிடாததால், வியர்த்த உடம்பின் மேல் நெகிழித் தாளைச் சுற்றியது போல ஈரம் உள்ளேயே தங்கி, மேலும் மேலும் உயர ஏறி, தன்னோடு கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் படிய வைத்திருக்கிறது. அந்த உப்பு படிகமாக இறுகும்போது ஏற்படும் விசைதான் செங்கல்லின் முகத்தை உடைத்து உதிர்த்தது. பூச்சு நீங்கிய பகுதி கோடை முழுவதும் காற்றாட இருந்தது. ஆடி மாதம் பார்த்தபோது அங்கே சுவர் உலர்ந்து, தட்டினால் கணீரென்று ஒலித்தது. இடிக்க வேண்டும் என்று சொன்னவர்களும் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்த பிறகே மனம் மாறினார்கள்.

பழைய முறையில் கட்டினால் அரசு அலுவலகங்களில் ஏற்றுக்கொள்வார்களா என்ற கேள்விக்கும் அவரே விடை கொண்டுவந்தார். மர விட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைக்கும், மெட்ராஸ் டெரஸ் என்று நாம் சொல்லும் கூரைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 2119 என்ற எண்ணில் தனி நடைமுறை விதியே வெளியிட்டிருக்கிறது. கட்டடச் சுண்ணாம்புக்கு ஐ.எஸ். 712 இருக்கிறது. இவற்றைப் படியெடுத்து, தமிழில் விளக்கி, கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரின் ஐயத்துக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் சத்திரம் இன்று இருந்திருக்காது.

அடுத்து, காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி வேலை பார்த்த பெரிய கொத்தனார் ஐயாவுக்கும் அவருடைய ஆட்களுக்கும் எங்கள் வணக்கமும் நன்றியும். எழுபது வயதைக் கடந்த அவர், முதல் சில வாரங்கள் சுவர் வேலையைத் தொடவே இல்லை. குழி வெட்டி, காளவாசலிலிருந்து வந்த சுட்ட சுண்ணாம்பை நீரூற்றி நீற்றி, கொதித்து அடங்கியதைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி ஊறப் போட்டார். இன்னொரு பக்கம், இடித்த கடுக்காயும் பனைவெல்லமும் பீப்பாய்த் தண்ணீரில் ஊறி நுரைத்துக்கொண்டிருந்தன. வேலை தொடங்கவில்லையே என்று வெளியூரிலிருந்து தொலைபேசியில் கேட்டவர்களுக்கு, தொடங்கி வெகுநாளாயிற்று என்றுதான் நாங்கள் பதில் சொன்னோம்.

சுண்ணாம்பு, சுர்க்கி எனப்படும் செங்கல் பொடி, மணல் மூன்றையும் சேர்த்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரவையில் அரைத்து எடுத்த காரையை அவர் சோதித்த விதத்தைப் பார்க்க இளைஞர்கள் கூடுவது வழக்கமாயிற்று. கரணை எனும் கொத்துக்கரண்டியில் ஒரு வாய்க் காரையை அள்ளி, அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பார். காரை விழாமல் ஒட்டிக்கொண்டு, பிறகு இலேசாக உதறியதும் கரணையில் பிசிறில்லாமல் முழுதாகக் கழன்று விழ வேண்டும். உடனே விழுந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று பொருள். உதறியும் இழுபட்டால் அரவை போதவில்லை. அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்ட சட்டிகள் ஏராளம். முகம் சுளிக்காமல் மறுபடி அரைத்துக் கொடுத்த அரவைக்காரத் தம்பிகளுக்கும் இதில் சம பங்கு உண்டு.

இந்தக் காரையின் இயல்பே நிதானம்தான். ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது சுண்ணாம்புக் கல்லிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவை, சுவரில் பூசிய பிறகு அது காற்றிலிருந்து சிறுகச் சிறுகத் திரும்பப் பெற்றுக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. இது மாதக்கணக்கில் நடப்பது. அதனால் மெல்லிய படலங்களாகப் பூசி, ஒன்று இறுகிய பிறகே அடுத்ததைப் பூச வேண்டும். வெயிலில் வெடிக்காமல் இருக்க ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும். ஐப்பசி மழை பிடித்தவுடன் பெரிய கொத்தனார் வெளிப்பூச்சை நிறுத்திவிட்டார். கார்த்திகை முடியும் வரை தமக்கும் தம் ஆட்களுக்கும் வர வேண்டிய கூலியில் பெரும்பகுதியை இழந்துதான் அவர் அப்படிக் காத்திருந்தார். நாங்கள் அவருக்குப் பட்டிருக்கும் கடனில் இதுவே பெரியது என்று கருதுகிறோம்.

தென்கிழக்கு மூலையில் அரசமரக் கன்று முளைத்துப் பிளந்திருந்த சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கன்றை வெட்டினால் மட்டும் போதாது; உள்ளே ஒரு நூல் வேர் தங்கினாலும் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். கொத்தனார்கள் மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு செங்கல்லாகக் கழற்றி, வேர் சென்ற வழியெல்லாம் தேடி உருவி எடுத்த பின், பழைய வரிசைகளோடு கோத்துச் சுவரை மறுபடி கட்டினார்கள். இதற்கு இன்றைய சூளைச் செங்கல் பயன்படவில்லை. சத்திரத்தின் செங்கல் தட்டையானது, அகலமானது. கனத்த புதுக் கல்லை நடுவில் வைத்தால் வரிசை மட்டம் கலைந்து, பாரம் ஒரு பக்கமாக இறங்கும். மேலத்தெருவில் தங்கள் பூர்வீக வீட்டைப் பிரிக்க நேர்ந்த குடும்பத்தார், அந்தச் செங்கற்கள் அனைத்தையும் விலை பேசாமல், காரை சுரண்டிச் சுத்தம் செய்து, தங்கள் டிராக்டரிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். பிறந்த வீடு பிரிபடும் வருத்தத்துக்கு நடுவிலும் ஊருக்காக அப்படிச் செய்த அந்த அக்காவுக்கும் அண்ணன்மார்களுக்கும் எங்கள் நன்றி.

கூரை வேலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். அதைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. சுவரில் பதிந்த முனைகள் மட்டும் உளுத்துப்போன தேக்கு விட்டங்களை ஊர்த் தச்சர் ஆசாரி முழுதாக மாற்றாமல், கெட்ட பகுதியை அறுத்துவிட்டுப் புதுத் தேக்கை மூட்டுப் போட்டு இணைத்துக் கொடுத்தார். அதன் மேல், விரல் கனமே உள்ள சிறு செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, மூலையிலிருந்து தொடங்கிச் சாய்வு வரிசையாக ஒன்றோடொன்று காரையால் ஒட்டிக்கொண்டே போனார்கள். கீழே பலகை முட்டு எதுவும் இல்லை. பக்கத்துக் கல்லை நம்பியே ஒவ்வொரு கல்லும் அந்தரத்தில் நின்றது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பிய பிறகு வந்ததுதான் மிகக் கடினமான வேலை. சித்தாள் பெண்கள் வரிசையாக அமர்ந்து, மரத் தட்டுப்பலகையால் நாள் முழுவதும் அடித்தார்கள். கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மறுபடி அடித்தார்கள். பலகை தளத்தில் பதியாமல் எகிறித் திரும்பும் வரை அடிக்க வேண்டும். அதற்கு முன் நிறுத்தினால், உள்ளே தங்கிய இடைவெளி வழியாக நீர் இறங்கும். அதன் பிறகே தட்டோடு எனும் தட்டையான சுட்ட ஓடுகளைப் பதித்தார்கள். இந்தக் கூரையில் ஒரு சொட்டும் ஒழுகாததற்குக் காரணம் அந்தப் பெண்களின் தோள்களே.

அவர்களில் இருவருக்குப் பெரிய கொத்தனார் கரணை கொடுத்துப் பூச்சு வேலை கற்றுக்கொடுத்தார். கீழ்ப்புறத் திண்ணையின் மழமழப்பான கடைசிப் பூச்சு அவர்கள் கைவேலை. வாழ்நாளெல்லாம் சாந்துச் சட்டி சுமந்தும் பெண்கள் கொத்தனாராக ஆக்கப்படாத வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் நீடிப்பது நியாயமில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். அவர்களுக்குக் கொத்தனார் கூலியே கொடுத்தோம். இனி வேலைக்கு அழைப்பவர்களும் அவ்வாறே கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

முன்மண்டபத்துக் கல் உத்திரத்தை மாற்றிக் கொடுத்த கல்தச்சர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கருங்கல் அழுத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், வளைவைத் தாங்காது. அதனால்தான் நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. தூணின் தலையில் வைக்கும் போதிகை என்ற கல் இருபுறமும் கை நீட்டி, உத்திரம் தாண்ட வேண்டிய தொலைவைக் குறைக்கிறது. எங்கள் உத்திரத்தில் முன்பு யாரோ இரும்புக் கம்பியைச் செருகிச் சிமென்ட்டால் அடைத்திருந்தார்கள். கம்பி துருப்பிடித்துப் பருத்து, கல்லையே விரிசல் விட வைத்துவிட்டது. மாற்றுக் கல் தேடிக் குவாரிக்குச் சென்றபோது, பார்வைக்கு மாசில்லாத ஒரு கல்லைச் சுத்தியலால் முனைக்கு முனை தட்டிப் பார்த்த மூத்த தச்சர், நடுவில் ஓரிடத்தில் ஓசை மங்குகிறது என்று ஒதுக்கிவிட்டார். எங்கள் காதுக்கு வேறுபாடு எதுவும் தெரியவில்லை. குவாரிக்காரர் அதை அறுத்துப் பார்த்தபோது, அவர் காட்டிய இடத்தில் மயிரிழைப் பிளவு இருந்தது. பிறகு தேர்ந்த கல்லில் நேர்கோட்டில் குழி குடைந்து, ஆப்புகளை முறை வைத்து மாற்றி மாற்றி அடித்துப் பிளந்து, உளியால் செதுக்கிக் கொண்டுவந்து, கூரைப் பாரத்தை முட்டுக்கட்டைகளில் இறக்கி, செயின் பிளாக்கால் தூக்கிப் போதிகையின் மேல் இம்மி பிசகாமல் அமர்த்தினார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாமல் அந்த வேலையை நடத்திக் கொடுத்ததற்கு ஊரே கடமைப்பட்டிருக்கிறது.

வேலை முடியும் வரை தம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைத்து மாதம் தவறாமல் பங்கு அனுப்பிய பிள்ளைகளுக்கும், வெளியூர் ஆட்கள் தங்கத் தம் களத்துவீட்டை ஒழித்துக் கொடுத்த மாமாவுக்கும், சவுக்குக் கட்டைகளை வாடகை வாங்காமல் சாரத்துக்குத் தந்தவருக்கும், கணக்கு வழக்கை வாரந்தோறும் கரும்பலகையில் எழுதி வைத்த தம்பிக்கும் எங்கள் நன்றி.

வடபுறச் சுற்றுச்சுவருக்கு இன்னும் பழைய தட்டைச் செங்கல் தேவைப்படுகிறது. பழைய வீடு பிரிப்பவர்கள் தெரிவித்தால் நாங்களே வந்து ஏற்றிக்கொள்கிறோம். பங்குனியில் அந்த வேலை தொடங்கும். சுண்ணாம்பு இப்போதே குழியில் ஊறிக்கொண்டிருக்கிறது. சத்திரத்துச் சுவர்களில் ஆணி அடிப்பதையும் பெயின்ட் பூசுவதையும் அன்புகூர்ந்து தவிர்க்க வேண்டும். ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிக்கும் பொறுப்பைக் குழுவே ஏற்றுக்கொள்ளும். தங்கள் ஊரில் இத்தகைய கட்டடத்தைச் சீரமைக்க விரும்புவோர், கொத்தனார்களையும் கல்தச்சர்களையும் தொடர்புகொள்ள எங்களைக் கேட்கலாம். அவர்களிடம் அனுமதி பெற்றிருக்கிறோம்.

இங்ஙனம்,
சத்திரச் சீரமைப்புக் குழுவினர்