ரத்தம் கேக்கிற மெசேஜுக்கு திகதி போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கட திருகோணமலைப் பக்க வட்ஸ்அப் குரூப்புகள்ல "அவசரம், ரத்தம் தேவை" எண்டு மெசேஜ் வரும், திகதி இருக்காது, எந்த ஆஸ்பத்திரி எண்டும் இருக்காது, ஒரு போன் நம்பர் மட்டும் இருக்கும். அந்த நோயாளி எப்பவோ சுகமாகி வீட்ட போயிருப்பார், இல்லாட்டி காலமாகியே இருப்பார், மெசேஜ் மட்டும் சுத்திக்கொண்டே இருக்கும், அந்த வீட்டாக்களுக்கு நடுச்சாமத்திலயும் கோல் போகும். அனுப்பின எல்லாரும் நல்ல மனசோடதான் அனுப்பினது. அதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒரு மெசேஜை நாங்க நம்புறது அதை அனுப்பின பெரியம்மாவை வச்சு, படிப்பிச்ச சேரை வச்சுத்தானே.

கைமருந்து, சடங்கு, ஊர்க்கதை எல்லாமே இப்பிடி ஒராள்ட்ட இருந்து இன்னொராள் எடுத்துத்தான் எங்கட்ட வந்தது. ஆனா முந்தி மூதூர்ல கிளம்பின கதை லோஞ்சில ஏறி டவுனுக்கு வாறதுக்குள்ள நாலு பேராவது "உனக்கு ஆர் சொன்னது?" எண்டு கேட்டிருப்பாங்க. இப்ப கேக்கிறதுக்கு ஆளில்ல.

2018-ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு 2006-ல இருந்து 2017 வரைக்கும் ட்விட்டர்ல ஓடின செய்திகளை எடுத்துப் பாத்தது, உண்மையை விட பொய்யைத்தான் சனம் 70 வீதம் கூடுதலா பகிரக்கூடியதா இருந்திச்சு, அதுக்குக் காரணம் ரோபோ கணக்குகள் இல்ல மனுசர்தான் எண்டும் சொன்னாங்க. அதே 2018 பெப்ரவரியில அம்பாறையில ஒரு சாப்பாட்டுக் கடையில மலட்டு மாத்திரை கலக்கிறாங்க எண்டு ஒரு கதை, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அப்பிடி ஒரு மருந்தும் சாப்பாட்டில இல்லை எண்டு அரச பகுப்பாய்வு சொன்னது பிறகுதான். மூண்டு இனமும் ஒரே சந்தையில மீன் வாங்கிற எங்கட ஊருக்கு இதை விளக்கத் தேவையில்ல.

இன்னொண்டு, கடல். 2004-ல கிண்ணியா, மூதூர், நிலாவெளி எல்லாம் பட்ட பாடு தெரிஞ்ச சனம் "கடல் உள்ளுக்குப் போகுதாம்" எண்ட ஒரு வொய்ஸுக்கே பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடும். 2012 ஏப்ரல் 11-ல சுமாத்திரா பக்கம் பூமி அதிர்ந்து உண்மையான எச்சரிக்கையே வந்திச்சு, பெரிய அலை வரேல்ல, ஆனா ஓடினது சரிதான். பொய்க்கதைக்கு நாலு தரம் ஓடின ஆள் ஐஞ்சாவது தரம், உண்மையானது வரேக்க, வீட்டிலயே இருந்திடும். அந்த உயிருக்கு ஆர் பொறுப்பு? முதல்ல எழுதினவர் மட்டுமா? அனுப்பின ஒவ்வொராளுக்கும் அதில பங்கிருக்கு எண்டுதான் நான் சொல்லுவன். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 எண்டு நம்பர் இருக்கு, ஒருக்கா எடுத்துக் கேட்டிட்டு அனுப்பினா என்ன?

2020-ல வட்ஸ்அப் காரங்களே கனதரம் கைமாறின மெசேஜை ஒரு நேரத்தில ஒரு ஆளுக்கு, இல்லாட்டி ஒரு குரூப்புக்கு மேல அனுப்ப ஏலாம பண்ணினாங்க. ரெட்டை அம்புக்குறி இருந்தா அதுதான். அதைப் பாத்தாவது கொஞ்சம் நிப்பம். ரத்தம் கேட்டா திகதி, ஆஸ்பத்திரி போடுங்க, கிடைச்சதும் அதே குரூப்பில "கிடைச்சிட்டுது" எண்டு போடுங்க. பொய் எண்டு தெரிஞ்சா அனுப்பின இடத்துக்கே திருத்தத்தையும் அனுப்புங்க, இதில வெக்கப்பட ஒண்டுமில்ல.

உங்கட பேப்பர்ல கிழமைக்கு ஒருக்கா, எங்கட மாவட்டத்தில சுத்தின கதையள்ல எது உண்மை எது பொய் எண்டு விசாரிச்சு ஒரு சின்னப் பகுதி போடுவீங்களா? அதை குரூப்புகளுக்குக் கொண்டுபோறதை நாங்க பாத்துக்கொள்ளுறம்.

இப்படிக்கு,
வாசகர், உப்புவெளி, திருகோணமலை