அக்சியோவுக்கு எந்த எயார் ஃபில்டர்?

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் பெரிய ஆறுதல். இங்கே சின்னவள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அதனால் வீட்டில் டிவி சத்தமே இல்லை. மற்ற புதினங்களைப் பிறகு எழுதுகிறேன். நீ கேட்டாயே, எஞ்சினுக்குப் போகிற காற்றில் புழுதியைப் பிடிக்கிற, கழுவிக் கழுவிப் பாவிக்கிற எயார் ஃபில்டர், அதற்கான பதில் நீ காசைக் கொடுக்கும் முன்பே வந்து சேர வேண்டும்.

வாங்காதே. டொயோட்டா அக்சியோ காருக்கு, அதுவும் கிளிநொச்சியில் ஓடுகிற உன் அக்சியோவுக்கு, அது வேண்டாம்.

விற்கிறவர்கள் சொல்வது எல்லா இடத்திலும் ஒன்றுதான்: காலம் முழுக்கப் போதும், இழுவை கூடும், பெற்றோல் மிஞ்சும். 2022-இல் நாம் வரிசையில் நின்றதற்குப் பிறகு பெற்றோல் மிஞ்சும் என்று யார் சொன்னாலும் காது அங்கேதான் போகிறது. ஆனால் உன்னுடையது போன்ற இன்ஜெக்‌ஷன் கார்களில் உள்ளே போகிற காற்றை சென்சர் அளக்கிறது, அந்தக் காற்றுக்கு ஏற்ற பெற்றோலைத்தான் கணினி விடுகிறது. காற்றுக் குறைந்தால் பெற்றோலும் குறையும். அப்புறம், சாதாரணமாக ஓடும்போது காற்றை மறித்து நிற்பது ஃபில்டர் இல்லை, காற்றுவழியைத் திறந்து மூடுகிற, பாதியும் திறக்காத த்ரொட்டில்தான். 2009-இல் அமெரிக்காவின் ஓக் றிஜ் தேசிய ஆய்வகம் ஃபில்டர் அடைபட்ட நிலையில் இன்ஜெக்‌ஷன் கார்களை ஓட்டிப் பார்த்தது. எரிபொருள் செலவில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை, வேகமெடுப்பது மட்டும் மந்தமாயிற்று. அடைபட்ட ஃபில்டருக்கே அப்படியென்றால், நல்ல காகித ஃபில்டரைக் கழற்றிவிட்டு இதைப் போட்டு எதை மிச்சம் பிடிக்கப் போகிறாய்? பெற்றோலை அளந்துவிடக் கணினி இல்லாத பழைய காபரேட்டர் கார் என்றால் அது வேறு கதை.

எனக்குப் பெற்றோலை விடப் புழுதிதான் கவலை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிய ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும். நீ பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தக் கிரவல் றோட்டால் போகும்போது முன்னால் ஒரு டிப்பர் போனால் அந்தக் காற்றில் என்ன இருக்கும் என்று உனக்கே தெரியும். மணல் தூள் இரும்பை விடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியாத அளவில் உள்ளே போனாலும் பிஸ்டன் றிங்கையும் சிலிண்டர் சுவரையும் அராவும், மிச்சம் ஒயிலில் கலந்து பெயாரிங் வரைக்கும் போகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வருடம் கழித்து கார் ஒயில் குடிக்கத் தொடங்கும்போதுதான் தெரியும், அப்போது எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும்.

நீ கேட்ட வகை, அதாவது கே அண்ட் என் போன்ற ஃபில்டர்கள் கம்பி வலைகளுக்கு நடுவே பருத்தித் துணியைப் பல அடுக்காக வைத்து, அதில் ஒயில் தடவிச் செய்தவை. அந்த நிறுவனம் 1969-இல் கலிபோர்னியாவில் மோட்டார்சைக்கிள்காரர்கள் தொடங்கியது. பந்தயத்தில் த்ரொட்டில் முழுக்கத் திறந்தே இருக்கும், எஞ்சினையும் அடிக்கடி பிரித்துச் செய்வார்கள், அங்கே இது பொருந்தும். நம்முடைய எஞ்சின் பல வருடம் தாங்க வேண்டும். காகித ஃபில்டரில் புழுதி படியப் படிய அது இன்னும் நுண்ணிய தூளைப் பிடிக்கும். பருத்தி ஃபில்டரையோ கழுவும் ஒவ்வொரு முறையும் வெறும் துணியிலிருந்து தொடங்க வேண்டும், அப்போது எல்லாம் அந்த ஒயிலின் கையில்தான். குறைவாகப் பூசினால் தூள் உள்ளே போகும். கூடப் பூசினால் ஒயில் பறந்துபோய்க் காற்றளக்கும் சென்சரின் மெல்லிய கம்பியில் ஒட்டும், கார் இழுத்து இழுத்து ஓடும், எஞ்சின் லைட் எரியும். தெகிவளையில் என் காரைப் பார்க்கிற மெக்கானிக் பாஸ் இப்படி வருகிற கார்களின் சென்சரை ஸ்ப்ரே அடித்துத் துடைத்துக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

கழுவுவதும் லேசான வேலை இல்லை. அதற்கென்றே உள்ள கிளீனரைப் பூசி, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட்டு, சூடும் கம்பிரசர் காற்றும் காட்டாமல் தானாகக் காயவிட்டு, அப்புறம் ஒயில் பூச வேண்டும். மார்கழி மழையில் உன் வீட்டில் அது எப்போது காயும்? அதுவரை கார் சும்மா நிற்குமா? நல்ல தெருவில் 80,000 கிலோமீற்றர் கழுவாமல் ஓடலாம் என்கிறார்கள், புழுதி றோட்டுக்கு அந்தக் கணக்கு இல்லை. காகித ஃபில்டர் கிடைக்கவே கிடைக்காத கார் வைத்திருப்பவன் வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். அக்சியோவுக்கு எந்தக் கடையிலும் கிடைக்கிறதே.

சேர்விஸ் போடும் இடத்தில் பெடியன்கள் ஃபில்டரைக் கழற்றி கம்பிரசரால் ஊதித் திரும்பப் போடுவார்கள், விடாதே, தயவுசெய்து விடாதே. அந்த அழுத்தத்தில் காகிதம் கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒயில் மாற்றும்போதெல்லாம் கழற்றிப் பார், புத்தகத்தில் சொன்ன தூரத்துக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே மாற்று. மாற்றும்போது பெட்டியின் அடியில் கிடக்கும் மண்ணை ஈரத்துணியால் துடை, ஃபில்டரின் றப்பர் விளிம்பு சுற்றிவர வடிவாக உட்கார்ந்ததா, கிளிப் இறுக்கமா என்று பார். பிறகு ஒருநாள் திறந்து, ஃபில்டருக்கு அந்தப்பக்கம், எஞ்சினுக்குப் போகிற குழாயின் உள்ளே வெள்ளைத் துணியால் தடவிப் பார். மண் ஒட்டினால் எங்கோ இடைவெளி இருக்கிறது. எந்த ஃபில்டர் போட்டாலும் அந்த இடைவெளி இருந்தால் பயனில்லை.

போலியும் கனக்க ஓடுகிறது. மடிப்புகள் ஒரே சீராக இல்லாமல் றப்பரும் விறைப்பாக இருந்தால் விலை குறைவென்று எடுக்காதே. எனக்கு எப்படியும் கார்ச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு ஒரு வேலை இருக்கிறது. சேசி இலக்கத்தை எழுதி அனுப்பு, சரியானதாகப் பார்த்து இரண்டு வாங்கி, அடுத்த கிழமை வடக்குக்கு வருகிற தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்