நாலு கட்டை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சுகம். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீருக்கு இந்தமுறை குறைவில்லை, காலபோக நெல் நன்றாக விளைந்து நிற்கிறது, வெட்டு மெசின்காரன் பொங்கல் முடிந்துதான் வருவானாம், அதுவரைக்கும் யானை வராமல் இருக்க வேண்டும். முந்தநாள் பெரியப்பா வளவில் இரண்டு தென்னம்பிள்ளையைச் சரித்துவிட்டுப் போயிருக்கிறது. மற்றபடி புதினம் ஒன்றுமில்லை.

ரொறன்ரோவில் இப்போது குளிர் கடுமையாக இருக்கும். ஹீற்றர் போட்ட அறையில் காற்று காயும், காற்றுக் காய்ந்தால் குரல்நாணும் காயும் என்று போன வருடம் நீதான் சொன்னாய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வை. தண்ணீர் குடி. குடிக்கிற தண்ணீர் வயிற்றுக்குத்தான் போகும், குரல்நாணில் நேரே படாது, உடம்பெல்லாம் ஊறித்தான் அங்கே போய்ச் சேரும், அதனால் பாடப்போகிற நேரத்தில் ஒரு போத்தலைக் கவிழ்த்துப் பிரயோசனமில்லை என்றதும் நீதான். அப்பா மறக்கவில்லை. அம்மா வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் இடித்து வைத்திருக்கிறா, ஆராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிட.

விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, சும்மாதான்.

உனக்குக் காலை ஏழு, எங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை. நீ போனைக் குசினி மேசையில் சாய்த்து வைத்துவிட்டுக் குரலைப் பதப்படுத்துவாய், அம்மா விளக்கு வைத்துக்கொண்டே கேட்பா. முதல்நாள் நீ உதட்டை அதிரவிட்டுப் புர்ர்ர் என்று ஏற்றி இறக்கியபோது பக்கத்து வீட்டு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினைத்தான் ஸ்டார்ட் பண்ணுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு நீ சொல்லித்தான் விளங்கியது. உதடு அதிரும்போது வெளியே போகிற காற்றில் கொஞ்சம் தடைபட்டுத் திரும்பி அமுக்குமாம், அந்த அமுக்கத்தில் குரல்நாண் ஒன்றோடொன்று அடிபடாமல் மெல்லத் தொட்டுத் தொட்டு விலகுமாம். கிளாசில் தண்ணீர் விட்டு ஸ்ட்ரோவுக்குள்ளால் குமிழி வர முனகுவதும் அதே கணக்குத்தான் என்றாய். பிறகு ‘ங்’ என்று மூக்கால் இழுத்துக் கீழிருந்து மேலே ஒரே கோடாகப் போவது. அதற்குப் பிறகுதான் ஸரிகமப மகரிஸ, ஒரு முறை பாடி அரைச் சுரம் ஏற்றி மறுமுறை.

எனக்குப் பிடித்தது நீ நடுவில் தொடங்குவதுதான். உன்னுடையதைப் போல நடுக்குரல் உள்ளவர்களுக்கு அடியும் சொந்தமில்லை, உச்சியும் சொந்தமில்லை, நடுவில் உள்ள ஏழெட்டுச் சுரந்தான் வீடு, முதலில் அங்கே விளக்கை ஏற்றிவிட்டுத்தான் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும் என்றாய். நெஞ்சுக்குரல் முடிந்து தலைக்குரல் தொடங்குகிற அந்த ஒட்டு இடத்தில் சத்தத்தைக் கூட்டாமல் குறைத்துக்கொண்டு கடக்க வேண்டும் என்றாய். குளத்துத் துருசை ஒரேயடியாகத் திறந்தால் வாய்க்கால் உடையும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான்தான் விடியப்புறம் நாலு மணிக்கு எழுப்பி, பச்சைத் தண்ணீரில் முகம் கழுவவிட்டு, எடுத்த எடுப்பில் மந்தர ஸ்தாயியில் இருத்தி, அங்கிருந்து ஒரே மூச்சில் மேல் பஞ்சமத்துக்குத் துரத்தினேன். நீ கொட்டாவி விட்டாலும் பேச்சு விழும். கொட்டாவி விட்டால் தொண்டை இளகும் என்று இப்போது நீ எனக்குப் படிப்பிக்கிறாய். சரி.

கார்த்திகைக்குப் பிறகு ஐந்தரைக்குப் போன் வரவில்லை. வேலை இருக்கும், எனக்குத் தெரியாதா. குரல் பதிவும் அனுப்புவதில்லை, எழுத்தில்தான் பதில், அதுவும் ‘ம்’, ‘சரியப்பா’. போன கிழமை சின்னம்மா கதையோடு கதையாக, நீ அவர்கள் வீட்டுக்கு வந்தும் அதிகம் கதைக்கவில்லை, தொண்டையைத் துணியால் சுற்றியிருந்தாய் என்று சொன்னா. குளிருக்குத்தான் சுற்றியிருப்பாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பொதுவாகச் சொல்கிறேன், எவருக்கும் மூன்று நாலு கிழமைக்கு மேல் குரல் கரகரத்தால் தொண்டை டொக்டரிடம் காட்டி, கமரா விட்டுப் பார்க்க வேண்டும். குசுகுசுத்துக் கதைப்பது ஓய்வு என்று நினைக்காதே, அதிலும் இறுக்கம் உண்டு, பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. செருமாதே. செருமும்போது இரண்டு நாணும் அறைபடும். செருமல் வந்தால் ஒரு மிடறு விழுங்கு. தண்ணீர் குடி.

உன்னைக் கோயர்காரர் ஆல்ட்டோவில் நிற்கவிட்டதாகச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. பெண்களுக்கு மேலே சொப்ரானோ, கீழே ஆல்ட்டோ, ஆண்களுக்கு மேலே தெனோர், கீழே பாஸ் என்று நாலு வரிசைதானாம், நடுக்குரலான மெஸோவுக்கும் பாரிடோனுக்கும் தனி வரிசை இல்லையாம், மேலேயோ கீழேயோ ஒதுங்கி நிற்க வேண்டியதுதானாம். நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். அதே நீதான் இரண்டு வருடத்துக்கு முதல் அங்கே தனியாகப் பாடி அனுப்பினாய், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த சனத்துக்கெல்லாம் போனைக் காதில் வைத்துக் காட்டினேன், மத்தளக்காரக் கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, இது ஆரின் குரல் தெரியுமோ, உன்னுடைய குரல், பெட்டையிடம் போய்ச் சேர்ந்திருக்கு என்றார். அப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு கிழமைக்கு ஒருக்கால்கூடப் பெற்றவர்களுக்குக் காட்டாமல் இருக்கிறாய்.

கிழவர் சொன்னது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, குத்தவும் செய்தது. நான் கோவலன் கூத்துக்குப் பழகப் போன கதை உனக்குத் தெரியும், பாதிதான் தெரியும். கொட்டகையில் மைக் இல்லை, கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், எல்லாம் உச்சியில்தான். எனக்கு உச்சி வராது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் இரண்டு கிழமை பார்த்துவிட்டு, உது ஆட்டுக்குமில்லை மாட்டுக்குமில்லை என்றார், பிற்பாட்டுக்கு நிற்கவிட்டார். அங்கேயே நின்றேன், பன்னிரண்டு வருடம்.

அதனால்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

2013, தமிழ்த்தினப் போட்டி, யாழ்ப்பாணம். நீ நாலு கட்டைச் சுருதியில் பாடிப் பழகியிருந்தாய். உனக்கு முன்னே பாடிய பிள்ளைகள் எல்லாம் ஐந்து, ஐந்தரை. மண்டபம் அவர்களுக்குக் கணீரென்று கேட்டது. உன்னுடைய நாலு கட்டை எடுபடாது, ஆம்பிளைக் குரல் என்று பின்வாங்கிலில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று எனக்குள் ஒரு பயம், அது உன் பயமில்லை, என்னுடையது. சுருதிப்பெட்டி என் மடியில் இருந்தது. நீ மேடைப் படியில் ஏறும்போது நான் அதை ஐந்துக்குத் திருகினேன். உனக்குச் சொல்லவில்லை.

நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் ஒரே ஒரு கறுப்புக் கட்டைதானே, பிள்ளை சமாளிக்கும் என்று நினைத்தேன். நீ சட்ஜத்தைப் பிடித்த கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன், பாடு என்று. மேல் பஞ்சமத்தில் உன் குரல் துணி கிழிகிற மாதிரிக் கிழிந்தது. நெஞ்சுக்குரலிலேயே அதுவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாய், கடக்க வேண்டிய இடம் முன்னமே வந்து போய்விட்டது. இதெல்லாம் உன் ஐந்தரை மணிப் பயிற்சியைக் கேட்டுக் கேட்டு இப்போது விளங்குகிறது, அன்றைக்கு விளங்கவில்லை.

முறிகண்டியில் பஸ் நின்றபோது கச்சான் வாங்கித் தந்தேன். நீ சாப்பிடவில்லை. அப்பா, எனக்குத் தொண்டை இல்லையா என்று கேட்டாய். பயிற்சி போதாது என்றேன். மாங்குளம் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனை முறை நீ மேலே போகாமல் தயங்கியிருக்கிறாய், ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தத் திருகாணி கையில் சுற்றுகிற மாதிரி இருக்கும். உன் தொண்டையில் அன்றைக்குப் பிழை இல்லை.

இப்போது என்ன நடந்தது என்று நீயாகச் சொல்லாமல் நான் கேட்கமாட்டேன். டொக்டர் பேச வேண்டாம் என்றிருந்தால் பேசாதே, எழுது. அவர் விட்டால், பாட்டெல்லாம் வேண்டாம், உதட்டை மட்டும் ஒரு பத்து நிமிஷம், நடுவிலிருந்து, மெல்ல, உரசுகிற மாதிரி இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்து. ஐந்தரைக்குப் போன் சார்ஜில்தான் இருக்கும். தண்ணீர் குடி, செருமாதே.

சுருதிப்பெட்டிக் கதை அம்மாவுக்குத் தெரியாது. நீ சொல்லிவிடாதே, நானே சொல்கிறேன், வெட்டு முடியட்டும்.

அப்பா