பதினாலாவது ரவுண்டு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு. மழையில தேயிலைக் கொழுந்து குறைஞ்சு போன கிழமை ரெண்டு நாள் அரைப்பேர்தான் போட்டாங்க, பாதிச் சம்பளம்தான். சின்னவ ஏலெவலுக்கு விடிய விடியப் படிக்கிறா. நீ மூணு கிழமையா போன் எடுக்கல. வேலை கூடவா இருக்கும். வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் முழிக்காத.

தீவாளிக்கு வந்தப்போ பாதியில விட்ட பேச்சை முடிக்கலாம்னுதான் பேப்பர் எடுத்தேன். பொக்சிங்ல இப்ப உள்ள ஹெவிவெயிட் ஆளுக முன்னால பழைய ஆளுக நிக்கவே மாட்டாங்கன்னு சொன்னே. ஃபியூரி ஆறடி ஒம்பது அங்குலம், 2020 இல வைல்டரை அடிச்ச அன்னைக்கு 273 ராத்தல். மார்சியானோ 49 சண்டையில 49 உம் ஜெயிச்ச மனுஷன்தான், ஆனா 188 ராத்தல் அளவுதான் இருந்தாரு. இன்னைக்கு 200 ராத்தலுக்குள்ள இருந்தா ஹெவிவெயிட்டுக்குக் கீழ உள்ள குரூசர்வெயிட்டுலதான் போடுவாங்க. நீ சொன்னது சரி. அன்னைக்கு ஒத்துக்காம எழும்பிப் போயிட்டேன்.

ஆனா உசிக்கை எங்க கொண்டுபோய் வைப்பே? அவரு உயரம் ஆறடி மூணு, முகமது அலியோட அதே உயரம். குரூசர்வெயிட்டுல இருந்து மேல ஏறி வந்தவரு. 2024 மே மாசம் ரியாத்துல, தன்னைவிட ஆறு அங்குலம் கூடின ஃபியூரியை ஜெயிச்சு எல்லாப் பட்டத்தையும் ஒரே ஆளாக் கட்டினாரு. 1999 இல லெனக்ஸ் லூயிஸ் செஞ்சதுக்கு அப்புறம் ஹெவிவெயிட்டுல ஒருத்தராலயும் முடியாத காரியம். ஒம்பதாம் ரவுண்டுல ஃபியூரி கயித்துக்குக் கயிறு தள்ளாடினதை நீதானே போன்ல காட்டினே? உசிக்கோட கையை மட்டும் பார்க்காத, காலைப் பாரு. அடிச்ச இடத்துல நிக்கவே மாட்டாரு. 1964 இல லிஸ்டனைச் சுத்திச் சுத்தி வந்த அலியும் அப்படித்தான். அந்த வயசு அலி இன்னைக்கு இருந்தா இவங்க ஒருத்தரும் தொட்டிருக்க முடியாது. இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

1974 பஞ்சம் உனக்குத் தெரியும், பாட்டி சொல்லாத நாளில்ல. அந்த வருசம் ஒக்டோபர் 30 ஆம் தேதி கின்ஷாசாவுல எட்டாம் ரவுண்டுல அலி ஃபோர்மனை விழுத்தின செய்தியை கணக்கப்பிள்ளை வீட்டு ரேடியோவுல கேட்டேன். வயிறு காஞ்சு கிடந்த நேரம். ரவுண்டு ரவுண்டா கயித்துல சாஞ்சு அடி வாங்கிட்டுக் கடைசியில ஜெயிச்சிருக்காருன்னு பேப்பர்ல வாசிச்சப்போ, வாங்கித் தாங்கினா ஜெயிக்கலாம்னு மனசுல பதிஞ்சு போச்சு. பசைக்கு மா கிடையாது, சோத்துப் பருக்கையை நசுக்கித்தான் அந்தப் படத்தைக் காம்பரா சுவத்துல ஒட்டினேன். பாட்டி அதுக்கும் அடிச்சா.

அந்தக் காலத்துல 15 ரவுண்டுன்னு உனக்குச் சின்னதுல இருந்து பெருமையாச் சொல்லிக்கிட்டு வந்தேன். ஏன் 12 ஆக்கினாங்கன்னு சொல்லல. 1982 இல கிம் டுக்-கூன்னு ஒரு கொரியாப் பையன், லைட்வெயிட். மன்சினியோட சண்டையில 14 ஆம் ரவுண்டுல விழுந்தவன் நாலஞ்சு நாள்ல செத்துப் போனான். அவன் அம்மா கதையை நான் எழுத மாட்டேன். உன் அம்மாவும் இதை வாசிப்பா.

தலை வலிச்சா பனடோல் போட்டுக்கிட்டு வேலைக்குப் போகாத. பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு. தலை ஸ்கேன் எடுக்கணும்னா எடு, காசைப் பத்தி யோசிக்காத.

1996 இல அட்லாண்டா ஒலிம்பிக்குல அலி தீபம் ஏத்தினதை கடைக்காரர் வீட்டு டீவியில பார்த்தோம். அம்மா கேட்டா, "இந்த மனுஷனுக்கு ஏன் கை இப்படி நடுங்குது?" குளிரா இருக்கும்னு சொன்னேன். 1984 இலேயே அவருக்குப் பார்க்கின்சன் நோய்னு சொல்லியாச்சு, எனக்கும் தெரியும். இருந்தும் என் வாயில வரல. இந்தத் தீவாளிக்கு நீ பிளேன்டீயை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சே. தங்கச்சிக்கு எப்ப பரீட்சைன்னு ஒரே ராத்திரியில மூணு தரம் கேட்டே. நான் "குளிருதா தம்பி"ன்னு கேட்டேன். நீயும் ஆமான்னே.

1975 இல மணிலாவுல அலியோட மோதி 14 ரவுண்டு முடிஞ்சப்போ ஃபிரேசியருக்கு ரெண்டு கண்ணும் வீங்கி ஆளே தெரியல. அவரு இன்னும் ஒரு ரவுண்டு போறேன்னு நின்னாரு. கோச் எடி ஃபட்ச் விடல, சண்டையை நிறுத்திட்டாரு. மிஞ்சிக் கிடந்தது மூணே நிமிசம்.

கண்டிப் போட்டியில உனக்கும் மூணே நிமிசம்தான் மிஞ்சி இருந்துச்சு. மூலைக்கு வந்து, "அப்பா, எல்லாம் ரெண்டா தெரியுது"ன்னே. கோச் என் முகத்தைப் பார்த்தாரு. நான் தலையாட்டியிருந்தா நிறுத்தியிருப்பாரு. "ஒண்ணுமில்ல, போ, அலி மாதிரி நில்லு"ன்னு சொன்னது நான்தான். நீ போனே. மெடலோடதான் வந்தே, நான் தோட்டம் முழுக்க அதைக் காட்டித் திரிஞ்சேன். ராத்திரி பஸ்ஸுல நீ மூணு தரம் வாந்தி எடுத்ததை இன்னைக்கு வரைக்கும் அம்மாகிட்ட சொல்லல. இப்ப எழுதிட்டேன், அவ வாசிக்கட்டும்.

அடுத்த மாசம் போட்டி இருக்காமே. சின்னவதான் சொன்னா, அவளைத் திட்டாத. போகாத ராசா. அப்பா சொல்றேன், நிறுத்திடு.

வெள்ளிக்கிழமை ஹட்டன்ல இருந்து முதல் பஸ்ஸுல வர்றேன். அம்மா மாசிச் சம்பல் இடிச்சு வச்சிருக்கா. வேலைக்கு லீவு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வா, அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போவோம். கண்டியில எழுதித் தந்த துண்டு என்கிட்டதான் இருக்கு, கொண்டு வர்றேன். வரிசையில நிக்கிற நேரத்துக்கு ஜோ லூயிஸைப் பத்திப் பேசலாம். பட்டத்தை 25 தரம் காப்பாத்தின ஆளு, அவரைப் பத்தி நீ இன்னும் ஒண்ணும் சொல்லல.

அப்பா